இல்லாத நிருபருக்கு விழுந்த அடி

இளவெயினிக்கு வந்த கொலை மிரட்டல்களை வடையும் டீயுமாக உட்கார்ந்து படித்துச் சிரிப்பது 'நேர்நாள்' நாளிதழின் ஈரோடு அலுவலகத்தில் காலை வழக்கமாகிவிட்டிருந்தது. அந்தப் பாக்கியம் எல்லோருக்கும் கிடையாது. செய்தி ஆசிரியர் நாச்சிமுத்துவின் அறைக் கதவு சாத்தப்படும். உள்ளே அவர், நிருபர் ஃபர்ஹானா, கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் டெனிஸ் என மூன்று பேர்தான். படிப்பது டெனிஸ். அவனுக்குக் குரலை மாற்றிப் பேசும் திறமை உண்டு.

"ஏய் இளவெயினி, நீ எந்த பஸ்ல ஏறி எங்க எறங்கறேன்னு எங்களுக்குத் தெரியும்டி." கரகரத்த குரலில் படித்துவிட்டுச் சொந்தக் குரலுக்கு வந்தான். "தெரிஞ்சா எங்களுக்கும் சொல்லுங்கடா, நாங்களும் அவளைப் பார்த்ததே இல்ல!"

நாச்சிமுத்து தொந்தி குலுங்கச் சிரித்தார். இளவெயினி என்று ஒருத்தி கிடையாது. அதனால் சிரிப்பதில் பாவம் எதுவும் இல்லை என்பது அவர் கணக்கு.

சாயப்பட்டறைக் கழிவைப் பற்றி ஃபர்ஹானா முதலில் சொந்தப் பெயரில்தான் எழுதினாள். பட்டறைக்காரர்களின் ஆட்கள் அவள் படத்தை வேறு எதனுடனோ வெட்டி ஒட்டி ஊரெல்லாம் அனுப்பினார்கள். மகள் படிக்கும் பள்ளிக்கூட வாசலில் இரண்டு பேர் தினமும் வந்து நின்றார்கள். எதுவும் செய்யவில்லை, நின்றார்கள், அவ்வளவுதான். போலீசில் போய்ச் சொன்னால், "நிக்கறது ஒரு குத்தமாம்மா?" என்று கேட்டார்கள். அவள் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்துகொண்டாள். பிறகு 'நமது நிருபர்' என்று மொட்டையாகப் போட்டுப் பார்த்தார்கள். அது இன்னும் மோசம். யார் அந்த நமது நிருபர் என்று தெரியாததால், கையில் கேமராவோடு அகப்பட்ட ஆளையெல்லாம் அடித்தார்கள்.

அப்போது டெனிஸ் கொண்டுவந்ததுதான் 'கவசம்' என்ற கம்ப்யூட்டர் ஏற்பாடு.

"திட்டறவனுக்கு ஒரு மூஞ்சி வேணும் சார்," என்று அவன் விளக்கியிருந்தான். "இல்லேன்னா கெடைச்சவனை அடிப்பான். நாமளே ஒரு மூஞ்சியைக் குடுத்துடுவோம். பேரு, குரல், போன் நம்பர் எல்லாம் இருக்கும், ஆள் மட்டும் இருக்காது. ஃபர்ஹானா மேடம் கேமரா முன்னாடி உக்காந்து பேட்டி எடுத்தா, எதிராளி பார்க்கிற திரையில இளவெயினி பேசுவா. மேடம் புருவத்தைத் தூக்கினா அவளும் தூக்குவா. மேடம் இல்லாத நேரத்துல மிரட்டல் வந்தா, அவளே பதில் சொல்லிட்டு நம்பரை போலீசுக்கு அனுப்பிடுவா."

"தேடிக்கிட்டு வந்தா?"

"யாரைத் தேடி சார் வருவான்?"

ஃபர்ஹானா வேலைக்குத் திரும்பினாள். இளவெயினியின் பெயரில், இளவெயினியின் சிறு படத்தோடு, கழிவுத் தொடர் வந்தது. பட்டறைகள் சிலவற்றுக்குச் சீல் வைத்தார்கள். தொடரைவிட, மிரட்டல்களுக்கு அவள் இணையத்தில் கொடுத்த பதில்கள் பிரசித்தமாயின. 'கையை உடைப்போம்' என்றவனுக்கு, 'வாருங்கள், வலது கையா இடது கையா என்று உட்கார்ந்து பேசுவோம்' என்று எழுதினாள். கல்லூரிப் பெண்கள் அதைப் படம் பிடித்து ஆளுக்கு ஆள் அனுப்பிக்கொண்டார்கள். எலும்பே இல்லாதவளுக்கு எலும்பு முறியும் பயம் எங்கிருந்து வரும்? அந்தத் தைரியத்தைப் பார்த்து நாச்சிமுத்துவுக்கே பெருமையாக இருந்தது.

அன்றைக்கு வடை தீர்வதற்குள் போன் வந்தது. பெருந்துறைப் பக்கத்துப் பகுதிநேர நிருபர் குழந்தைவேலு. அவருக்கு இந்த ரகசியம் தெரியாது.

"சார், இளவெயினி மேடத்தை அடிச்சுப் போட்டானுங்க சார்!"

டெனிஸுக்குச் சிரிப்பில் டீ புரையேறியது. ஃபர்ஹானா வாயைப் பொத்திக்கொண்டாள். நாச்சிமுத்து குரலைச் சிரமப்பட்டு அடக்கிக்கொண்டு, "யாரைன்னு சொன்னீங்க?" என்று கேட்டார்.

"நம்ம இளவெயினி மேடமுங்க. பஸ் ஸ்டாண்டு பேக்கரில வெச்சு, இரும்புப் பைப்புல... நான் கண்ணால பாத்தனுங்க சார். அதே மூஞ்சி. ரத்தமாக் கெடக்குது. ஏனுங்க சார், சத்தத்தையே காணோம்? படம் அனுப்பியிருக்கறேன், பாருங்க."

படம் வந்தது. போனை முதலில் வாங்கியது ஃபர்ஹானா. மாதக்கணக்கில் தினமும் தன் முகத்துக்குப் பதிலாகத் திரையில் அவள் பார்த்துவந்த முகம் அது. அதன் நெற்றி எப்படிச் சுருங்கும், எந்தப் பக்கம் உதடு முதலில் விரியும் என்பதெல்லாம் கண்ணாடியைவிட அவளுக்குப் பழக்கம்.

"சார், இது நான்தான்," என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது.

*

"யாரும் இல்லேன்னு சொன்னியேடா," என்றார் நாச்சிமுத்து. டெனிஸை அவர் 'டா' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

டெனிஸ் மடிக்கணினியில் எதையோ தோண்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"மெஷின் ஒண்ணுமில்லாததுல இருந்து முகம் செய்யாது சார். நெறைய முகத்தைப் பார்த்துத்தான் செய்யும். நீங்கதான் நம்ம ஊரு முகமா இருக்கணும்னு சொன்னீங்க. அதனால நம்ம பேப்பரோட பழைய போட்டோ எல்லாத்தையும் அதுக்குக் கொடுத்தேன். இன்னொண்ணும் சொன்னீங்க. பேர் உள்ளவங்க முகம் எதுவும் வந்துடக் கூடாது, வழக்குப் போட்டுடுவாங்கன்னு."

"ஆமா, சொன்னேன்."

"அப்படியே செஞ்சேன். படத்துக்குக் கீழ பேர் இருக்கிற முகத்தை எல்லாம் விலக்கிட்டேன். மந்திரி, கலெக்டர், மில் முதலாளி, கோலப் போட்டில பரிசு வாங்கினவங்க, மார்க் வாங்கின பிள்ளைங்க, எல்லாரும் போயிட்டாங்க. மிச்சம் இருந்தது பேர் போடாத முகம் மட்டும்தான். அதுலயும் பொம்பளைங்க முகம் தெளிவா இருக்கிற படம் கம்மி. தூரத்துல நிப்பாங்க, குனிஞ்சிருப்பாங்க, முந்தானையை இழுத்து மறைச்சிருப்பாங்க. கலந்து கட்டி ஒரு முகம் வரும்னு நெனச்சேன். அது ஒரே முகத்தைப் பிடிச்சுக்கிச்சு."

மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினான். சில வருடங்களுக்கு முன் வந்த படம். சாலை நடுவே காலிக் குடங்களோடு பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோரும் போலீஸ் ஜீப்பைப் பார்த்துக்கொண்டிருக்க, ஒருத்தி மட்டும் எழுந்து நின்று கேமராவை நேருக்கு நேர் பார்க்கிறாள். கீழே, 'குடிநீர் கேட்டுச் சாலை மறியலில் ஈடுபட்ட பெண்கள்' என்று எழுதியிருந்தது.

அந்த வரி நாச்சிமுத்து எழுதியதாகவே இருக்கலாம். அவர் எழுதாவிட்டால் அவர் பழக்கிய யாராவது எழுதியிருப்பார்கள். மறியலில் உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் பெயர் கேட்கும் வழக்கம் எந்தக் காலத்திலும் அங்கே இருந்ததில்லை. பேச்சுவார்த்தைக்கு வந்த தாசில்தார் பெயரைக் கேட்பார்கள். இன்ஸ்பெக்டர் பெயரை, இனிஷியல் தப்பாமல், இரண்டு தடவை சரிபார்த்துப் போடுவார்கள். புதிதாகச் சேர்ந்த யாராவது பெண்களின் பெயரையும் குறித்துக்கொண்டு வந்தால், "ஏம்ப்பா, வாக்காளர் பட்டியலா போடறோம்?" என்று அந்த வரியைப் பேனாவால் அடித்துவிடுவார் நாச்சிமுத்து. ஒரு பெயர் போட்டிருந்தால் மெஷின் அவளைத் தொட்டிருக்காது. பெயருள்ளவர்கள் எல்லோரையும் அவர் பத்திரமாகக் காப்பாற்றியிருக்கிறார்.

"இன்னும் இருக்கு சார்," என்றான் டெனிஸ். அவனுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. "அந்தப் பொண்ணு நம்மளைக் கூப்பிட்டிருக்கு."

இளவெயினியின் எண்ணுக்கு வந்த ஒரு வீடியோ அழைப்பை ஓடவிட்டான். திரையின் ஒரு பாதியில் இளவெயினி, மறு பாதியில் பேக்கரிச் சட்டை போட்டுக்கொண்டு அதே முகம்.

"மேடம், நான் கோகிலவாணிங்க. பேக்கரில வேலை செய்யறனுங்க. பாருங்க, நானும் உங்களை மாதிரியே இருக்கறனுங்க. இங்க வர்ற ஆளுங்க நான்தான் நீங்கன்னு நெனச்சுட்டு என்னென்னமோ பேசறாங்க. பயமா இருக்குதுங்க. நான் வேற ஆளுன்னு நீங்க ஒரு வார்த்தை எழுதினா..."

"மிரட்டல்களுக்கு நான் அஞ்சுபவள் அல்ல," என்றது இளவெயினியின் முகம், கழுத்தை நிமிர்த்தி. "உங்கள் எண் காவல்துறைக்கு அனுப்பப்படுகிறது."

"ஐயோ, மிரட்டலீங்க மேடம்! கொஞ்சம் கேளுங்க..."

இணைப்பு அறுந்தது.

"பயம், அடி, போலீஸ்னு வார்த்தை வந்தாலே அதை மிரட்டல் பக்கம் தள்ளிடும்," என்றான் டெனிஸ். "அவ திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கா. ஒவ்வொரு தடவையும் இதே பதில்தான் போயிருக்கு. போலீஸும் அவளைக் கூப்பிட்டு எச்சரிச்சிருக்காங்க, நிருபரைத் தொந்தரவு பண்றேன்னு."

அந்த அழைப்பு நாச்சிமுத்துவுக்கு நினைவு வந்தது. ஒரு காலையில் டெனிஸ் அதன் எழுத்து வடிவத்தை மட்டும் பெண் குரலில் நடித்துக் காட்டியிருந்தான். 'நானும் உங்களை மாதிரியே இருக்கறனுங்க.' புது டெக்னிக்காக இருக்கிறதே என்று சொல்லித் தாம் சிரித்ததும் நினைவு வந்தது. அன்றைக்கு மூவரில் ஒருவர், ஒரே ஒருவர், அந்த வீடியோவைத் திறந்து பார்த்திருந்தால் போதும். நிருபருக்கு வந்த எந்தத் தகவலையும் இன்னொருவரிடம் கேட்டு உறுதி செய்யாமல் அச்சேற்றாத பத்திரிகை அது. மிரட்டல்களை மட்டும் யாரும் சரிபார்க்கவில்லை. அவற்றைச் செய்தி என்றே யாரும் நினைக்கவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து பத்திரிகையின் முதலாளி பேசினார். விஷயம் அவர் காதுக்குப் போய்விட்டிருந்தது.

"மூஞ்சியை மாத்திடுங்க. இளவெயினி நீண்ட விடுப்புல போறாங்கன்னு போட்டுட்டு, புதுசா ஒரு ஆளைக் கொண்டாங்க. அந்தப் பொண்ணுக்கு ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்குவோம், யாருன்னு சொல்லாம."

"அது நம்ம ஆள் இல்லேன்னு பேப்பர்ல போட்டாகணுங்க. இல்லேன்னா மறுபடியும் அடிப்பானுங்க."

"போட்டா, உங்க ஆள் யாரு, காட்டுன்னு கேப்பானுங்க நாச்சிமுத்து. எங்க கொண்டு போய்க் காட்டுவீங்க?"

காட்டுவதென்றால் ஃபர்ஹானாவைத்தான் காட்ட வேண்டும்.

*

நாச்சிமுத்துவும் ஃபர்ஹானாவும் காரில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். சித்தோடு தாண்டியதும் நாச்சிமுத்து ஆரம்பித்தார்.

"நாளைக்குப் பேப்பர்ல போடறதா முடிவு பண்ணிட்டேன். கோகிலவாணிக்கும் நமக்கும் சம்பந்தமில்லேன்னு. முதலாளி வேலையை விட்டு எடுத்தா எடுக்கட்டும்."

"எடுக்கமாட்டாரு சார். உங்களுக்கு ஒண்ணும் ஆகாது." ஃபர்ஹானா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள். "அப்பறம் என்னைத் தேடுவாங்க."

"உங்க பேரு என் வாய்ல இருந்து வராது."

"வர வேண்டியதில்லீங்க சார். இதை எழுதறது யாரா இருக்கும்னு அவங்களுக்கு முன்னாடியே ஒரு சந்தேகம் இருந்துச்சு. இளவெயினி வந்ததாலதான் அது போச்சு." ஜன்னலிலிருந்து திரும்பி அவரைப் பார்த்தாள். "போட வேண்டாம்னு நான் சொன்னா நான் மனுஷியே இல்ல. ஆனா போடுங்கன்னு சொல்ல வாய் வர மாட்டேங்குது சார். என் பொண்ணு இப்பத்தான் தனியா வேன்ல போக ஆரம்பிச்சிருக்கா."

அவளைப் பார்க்க அவருக்குப் பாவமாக இருந்தது. பாவம் பார்ப்பதற்குத் தமக்கு என்ன யோக்கியதை என்றும் தோன்றியது. ஆஸ்பத்திரி வாசலில் அவள், "நான் உள்ள வரல சார்," என்றாள். அவர் சாத்துக்குடிப் பையை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார்.

பெண்கள் வார்டில் நடு வரிசையில் கோகிலவாணி படுத்திருந்தாள். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. இடது கன்னத்தில் காதிலிருந்து உதட்டோரம் வரை தையல். முகம் வீங்கி ஒரு பக்கக் கண் பாதிதான் திறந்திருந்தது. தினமும் காலையில் தமது மேசையில் வந்து விழும் முகத்தை இந்தக் கோலத்தில் பார்த்ததும் நாச்சிமுத்துவின் கால்கள் நின்றுவிட்டன. பக்கத்துக் கட்டில்காரம்மா, "பேப்பர்க்காரங்களா? இந்தம்மா உங்க பேப்பர்தான?" என்று கேட்டாள்.

"நான் நேர்நாள்ல செய்தி ஆசிரியருங்க. நாச்சிமுத்து."

கோகிலவாணி எழ முயன்றாள். அவர் பதறி வேண்டாம் என்றார். வீட்டுக்காரர் தறிக்குப் போயிருப்பதாகவும், லீவு போட்டால் முதலாளி ஆளை மாற்றிவிடுவார் என்றும், அதனால் தனியாக இருப்பதாகவும் அவளே சொன்னாள். பேசும்போது தையல் இழுத்து வலித்தது தெரிந்தது. பேக்கரியில் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். கண்ணாடி அலமாரி உடைந்த கோபம் அவர்களுக்கு.

"எங்களாலதான் உங்களுக்கு இப்படி ஆயிருச்சுங்க," என்றார் நாச்சிமுத்து. வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வாக்கியங்களில் இது ஒன்றுதான் வெளியே வந்தது. "நாளைக்குப் பேப்பர்ல போட்டுடறேன். முதல் பக்கத்துல, பெருசா. நீங்க வேற, அவங்க வேறன்னு."

"வேண்டாமுங்க."

அவள் காதில் தப்பாக விழுந்துவிட்டது என்று நினைத்து அவர் மறுபடியும் சொன்னார். அவள் தலையை லேசாக அசைத்தாள்.

"போடாதீங்க சார். போட்டா அந்தப் புள்ளையைத் தேடிப் போயிருவானுங்க."

"எந்தப் புள்ளைங்க?"

"இளவெயினிங்க." அவருக்கு இது தெரியாதா என்பதுபோல் பார்த்தாள். "மொதல்ல எனக்கு அந்தப் புள்ளை மேல கோவந்தானுங்க. போன் பண்ணினா காது குடுத்துக் கேக்கலை, போலீசுல வேற சொல்லிப்போடுச்சு. அப்பறம் யோசிச்சுப் பாத்தனுங்க. எத்தனை பேரு என்னென்ன பேசறானோ, அதுல நானும் ஒருத்தின்னு நெனச்சிருக்கும். பயந்தவிய அப்படித்தான் பேசுவாங்க, விறைப்பா. எங்க ஊர்த் தண்ணியைப் பத்தி எழுதின ஒரே ஆளு அதுதானுங்க. நாங்க குடத்தை வெச்சுட்டு ரோட்டுல உக்காந்தப்ப எவனும் எழுதல."

'எழுதினோம்' என்று சொல்ல வாயெடுத்தவர் அடக்கிக்கொண்டார்.

"அன்னிக்கு ரெண்டு பேரு வந்தானுங்க. நீதான இளவெயினின்னு கேட்டானுங்க. எப்பவும்போல இல்லைன்னு சொல்லப் போனனுங்க. அதுல ஒருத்தன் இன்னொருத்தன்கிட்ட, 'இவ இல்லைன்னா அவ இன்னிக்கு எங்கிருந்தாலும் தேடிப் புடிச்சிரணும்'ங்கறான். கையில பைப்பு வெச்சிருந்தான். எனக்கு அந்தப் புள்ளை மூஞ்சி கண்ணு முன்னால வந்துச்சுங்க. என்ற மூஞ்சிதான, எப்படி வராம இருக்கும்?" சிரிக்கப் பார்த்து, வலியில் நிறுத்தினாள். "ஆமா, நான்தான்னு சொல்லிப்போட்டனுங்க. பேக்கரில இத்தனை பேரு இருக்காங்களே, ரெண்டு அடியோட உட்டுருவானுங்கன்னு நெனச்சேன். ஒருத்தரும் கிட்ட வரலைங்க."

பத்திரிகை வாழ்க்கையில் நாச்சிமுத்து பிணங்களைப் பார்த்திருக்கிறார், கலவரத்துக்கு நடுவே நின்றிருக்கிறார். இப்படி அவமானமாக அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை. ஒருத்தருக்கும் அடிபடக் கூடாது என்று அவர்கள் செய்துவைத்த பொம்மைக்காக, எலும்பும் தசையுமான ஒருத்தி முன்னால் போய் நின்று அடி வாங்கியிருக்கிறாள்.

"அந்தப் புள்ளை நல்லா இருக்குதுங்களா?" என்று கோகிலவாணி கேட்டாள். "எங்காச்சும் பத்திரமா வெச்சிருக்கறீங்களா?"

நல்லா இருக்காங்க என்று சொல்லிவிடலாம். அந்தப் பொய்யில் அவளுக்கு ஒரு நிம்மதி கிடைக்கும். வாங்கிய அடிக்கு ஓர் அர்த்தமாவது மிஞ்சும். உண்மையைச் சொன்னால் அதையும் பிடுங்கிக்கொண்டதாகிவிடும். எது அவளுக்காக, எது தமக்காக என்று அவருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

"அப்படி ஒரு ஆளே இல்லீங்க."

சொன்னது அவரல்ல. பின்னால் ஃபர்ஹானா நின்றிருந்தாள். எப்போது உள்ளே வந்தாள், எதிலிருந்து கேட்டாள் என்று தெரியவில்லை. கண்கள் சிவந்திருந்தன.

"அந்தச் செய்தியெல்லாம் நான் எழுதினதுங்க. என் பேரு ஃபர்ஹானா. எனக்குப் பயமா இருந்துச்சு, அதனால வேற முகத்தை வெச்சுக்கிட்டேன். கம்ப்யூட்டர் செஞ்ச முகம், யாரோடதும் இல்லேன்னு சொன்னாங்க. ஆனா அது உங்க முகம். நீங்க குடத்தோட நின்ன பழைய போட்டோல இருந்து வந்தது. உங்க பேரை நாங்க அன்னிக்குக் கேட்டுக்கல."

வார்டில் எங்கோ ஒரு குழந்தை அழுதது. பக்கத்துக் கட்டில்காரம்மா, அவர் கொண்டுவந்த சாத்துக்குடியை உரிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். நாச்சிமுத்து, கோகிலவாணி கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார்.

அவள் கத்தவில்லை. ஃபர்ஹானாவைக் கிட்டே வரச் சொன்னாள். திறந்திருந்த ஒரு கண்ணாலும் பாதி திறந்த மறு கண்ணாலும் அவள் நெற்றியை, கன்னத்தை, மோவாயை, பெண் பார்க்க வந்தவர்கள் பார்ப்பதுபோல் நிதானமாகப் பார்த்தாள்.

"உங்களுக்கும் ஒரு மூஞ்சி இருக்குதுங்களே," என்றாள். குரலில் கோபம் இல்லை, நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை. "அப்பறம் எதுக்குங்க என்ற மூஞ்சியை எடுத்தீங்க?"